ஆறாம் இலக்கத்துக்குப் பிறகுதான் வடை

நகரசபைச் சமையலறைக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளே, உங்களுக்காக நாலு வரி எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. நான்தான் பள்ளிக்கூடத்தை விட்டேன் என்று அந்தக் காலத்தில் சொல்லித் திரிந்தேன். இந்த வயதில் பொய் எதற்கு? எழுத்தில் பிழை கண்டால் என் வாத்தியாரை ஏசுங்கள். அவர் பல காலத்துக்கு முன்பே காலமாகிவிட்டார், கவலைப்பட மாட்டார்.

தேத்தண்ணீர் போடுவது எப்படி என்று நான் சொல்லப் போவதில்லை. தண்ணீர் கொதிக்கும், நீங்கள் ஊற்றுவீர்கள், முடிந்தது. அதை எந்த நேரத்தில் உள்ளே கொண்டுபோவது என்பதில்தான் எங்கள் தொழிலே இருக்கிறது. அதில் நான் ஒருமுறை பிழைவிட்டேன். இன்னொரு முறை பிழைவிடச் சொல்லி என்னைக் கெஞ்சிக் கேட்டார்கள். இரண்டையும் சொல்கிறேன். லண்டனில் எந்த நகரசபை என்று மட்டும் கேட்காதீர்கள். சம்பந்தப்பட்டவர்கள் சிலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், என்னுடைய வடை செரித்திருந்தால்.

எண்பதுகளின் கடைசியில் நானும் மச்சாளும் ஒரே நாளில் அந்த வேலைக்குப் போனோம். மச்சாள் என்றால் என் அவரின் தங்கச்சி. பின்னேர ஷிப்ட். ஐந்து மணிக்குப் போய், கூட்ட அறைகளுக்குத் தேத்தண்ணீர் கொடுத்து, கூட்டம் முடிந்ததும் கோப்பை கழுவிவிட்டு வரவேண்டும். எங்களுக்கு மேலே ஒரு மலேசியத் தமிழ் அம்மா. நேர்ஸாக வந்தவர், நோயாளிகளைத் தூக்கித் தூக்கி நாரி, அதுதான் இடுப்பு, போய்ச் சமையலறைக்கு மாறியவர். பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் இன்றைக்கும் போன் எடுத்து ஏசக்கூடியவர். அக்கா என்றுதான் கூப்பிடுவோம். மலேசியப் பழக்கத்தில் பேச்சுக்கு நடுவே ஒரு 'லா' போடுவார், தேத்தண்ணீரைத் 'தே' என்பார்.

முதல் கூட்டத்தன்று அக்கா வேறொரு அறையில் வேலையாக நின்றார். உறுப்பினர்கள் வந்து நாற்காலிகளில் அமர்ந்தார்கள். எங்கள் வீட்டுக்கு ஆட்கள் வந்தால் என்ன செய்வோம்? தேத்தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்பது மரியாதைக் குறைவு. கேட்காமலே போட்டுக்கொண்டு வந்து கையில் கொடுப்போம். நானும் அப்படியே கொடுத்தேன். சுடச்சுட, சீனி தாராளமாக.

எங்கள் வீட்டில் ஆட்கள் குடித்து முடித்துக் கோப்பையை வைத்ததும் என்ன செய்வார்கள்? 'அப்ப நாங்கள் வெளிக்கிடப் போறம்' என்று எழும்புவார்கள். அங்கேயும் அதுதான் நடந்தது. வெள்ளைக்காரருக்கும் எங்களுக்கும் பழக்கவழக்கம் ஒத்துவராது என்று யார் சொன்னது? ஒருவர் எழும்பினார், இருவர் எழும்பினார்கள். அரை மணித்தியாலத்தில் ஏழு பேர்தான் மிச்சம். தலைவர் சுற்றிலும் பார்த்தார், புத்தகத்தை மூடினார், கூட்டம் முடிந்தது. இவ்வளவு சுருக்கான வேலையா என்று எனக்கு ஒரே புளுகம், ஒரே சந்தோசம்.

அப்போதுதான் அக்கா வந்தார்.

"கூட்டம் எங்க?"

"முடிஞ்சுது அக்கா. நல்ல மனுசர். எல்லாரும் தாங்ஸ் சொல்லிப்போட்டுத்தான் போச்சினம்."

"எப்ப லா தே குடுத்தே?"

"வந்து இருந்த உடனே."

அக்கா பக்கத்தில் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

"என்னக்கா, நாரி நோகுதோ?"

"ஆமா. இப்பதான் ஆரம்பிச்சிச்சு."

நகரசபை எப்படி ஓடுகிறது என்பதை அக்கா அன்றைக்குத்தான் எனக்குச் சொல்லித் தந்தார். இதை எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித்தர மாட்டார்கள். அந்தக் காலத்தில் எங்கள் உறுப்பினர்களுக்குச் சம்பளம் கிடையாது. கூட்டத்துக்கு வந்தால் ஒரு கொடுப்பனவு உண்டு. வாசலில் இருக்கிற புத்தகத்தில் கையெழுத்து வைத்தால் வந்ததாகக் கணக்கு. ஆகவே எதற்கும் ஒரு கூட்டம். மின்கம்பத்துக்கு ஒரு கூட்டம், அதன் நிறத்துக்கு ஒரு கூட்டம், அடுத்த கூட்டம் எப்போது என்று முடிவெடுக்க ஒரு கூட்டம். கையெழுத்தை வைப்பார்கள், தேத்தண்ணீரைக் குடிப்பார்கள், போவார்கள்.

ஆனால் இருபத்துநான்கு பேர் கொண்ட அந்தக் குழுவில் பன்னிரண்டு பேராவது நாற்காலியில் இருந்தால்தான் எதையும் தீர்மானிக்கலாம். அதற்குக் கோரம் என்று பெயர். கோரம் இல்லையென்றால் தலைவர் புத்தகத்தை மூட வேண்டியதுதான். அதனால் கூட்டச் செயலாளர், மெலிந்த, சிரிக்காத ஒரு மனிதர், ஒவ்வொரு நிகழ்ச்சி நிரலிலும் ஒரு சிவப்புப் புள்ளி வைத்துச் சமையலறைக்கு அனுப்புவார். புள்ளி எந்த இலக்கத்துக்குக் கீழே இருக்கிறதோ, அந்த இலக்கம் தீர்ந்த பிறகுதான் ட்ரொலி உள்ளே போகலாம்.

"மகாராணியே வந்து கேட்டாலும் புள்ளிக்கு முன்னால தே கிடையாது. புரியுதா?"

"மகாராணி வந்தால் நான் என்ன பாஷையில அதைச் சொல்லுறது அக்கா?"

"நீ வாயைத் திறக்காம இருந்தாலே போதும் லா."

நான் சிரித்தேன். ஆனால் கோப்பை பொறுக்கப் போனபோது அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. பார்வையாளர் இருக்கையில் ஒரு பெண் இருந்தார். ஒரு பிள்ளை மடியில் நித்திரை, மற்றது பக்கத்தில். அவர் வீட்டுச் சுவரில் ஈரம் ஏறி, பிள்ளைகளுக்கு மூச்சிழுப்பு வந்து, வேறு வீடு தரச் சொல்லிக் கேட்டிருந்தார். அன்றைக்கு அவருடைய அலுவல் ஐந்தாம் இலக்கம். மூன்றோடு கூட்டம் முடிந்துவிட்டது. கூட்டம் நீளும் என்று நினைத்து மடியில் கிடந்த பிள்ளையின் சப்பாத்தைக் கழற்றி வைத்திருந்தார். அடுத்த மாதம் வரும்படி செயலாளர் சொன்னதும் அதைத் திரும்ப மாட்டினார். அவசரமே இல்லாமல், ஒரு சப்பாத்து, பிறகு மற்றது.

எழும்பிப் போனவர்களின் பிழைதானே என்று நீங்கள் கேட்பீர்கள். ஓம், அவர்களின் பிழைதான். அவர்களைத் திருத்த எனக்கு யாரும் சம்பளம் தரவில்லை. புள்ளியைப் பார்க்கத் தந்தார்கள். நான் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு நான் மிக நல்ல பிள்ளை. ஆங்கிலம் வாசிக்கத் தெரியாவிட்டாலும் இலக்கம் தெரியும், சிவப்பும் தெரியும். சமையலறைக்கும் கூட்ட அறைக்கும் நடுவில் சுவரில் ஒரு சின்னக் கதவு இருந்தது, கோப்பைகளைக் கைமாற்றுவதற்கு. அதன் வழியே பார்த்துப் பார்த்து எல்லோரையும் படித்துவிட்டேன். சொக்லட் பிஸ்கட் இரண்டு எடுப்பவர் அன்றைக்குப் பேச மாட்டார். ஒன்றும் எடுக்காதவர் அரை மணித்தியாலம் பேசுவார். வெள்ளை மீசை வைத்த ஒருவர் இருந்தார். கையெழுத்து வைப்பதில் முதல் ஆள், நித்திரை கொள்வதிலும் முதல் ஆள், என் தேத்தண்ணீரைப் புகழ்வதிலும் முதல் ஆள். எனக்கு அவரைப் பிடிக்கும். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

வடைக்கு வருகிறேன். ஒருமுறை அக்காவுக்கென்று சமையலறையில் பருப்பு வடை சுட்டேன். மணம் அந்தச் சின்னக் கதவால் உள்ளே போய், மீசைக்காரர் எழும்பி வந்து ஒன்றை எடுத்தார். பிறகு வரிசையில் வந்தார்கள். அன்றிலிருந்து கோடை விடுமுறைக்கு முந்தின கடைசிக் கூட்டத்துக்கு வடை என்பது வழக்கமாகிவிட்டது. சட்டப் புத்தகத்தில் இல்லாத வழக்கம், ஆனால் சட்டத்தைவிட நன்றாகக் கடைப்பிடித்தார்கள். வருடத்தில் இருபத்துநான்கு பேரும் வருகிற ஒரே கூட்டம் அதுதான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சில உறுப்பினர்கள் ஒரு யோசனை கொண்டுவந்தார்கள். இந்தக் குட்டிக் கூட்டங்களை எல்லாம் நிறுத்துவோம். மாதத்தில் குறித்த நாளில் பகல் இரண்டு மணிக்குத் தொடங்கி எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பேசி முடிப்போம். கையெழுத்துக்குக் கொடுப்பனவு வேண்டாம், வருடத்துக்கு இவ்வளவு என்று ஒன்றை நிர்ணயிப்போம். இதை நாங்களே முடிவெடுத்தால் அழகில்லை, ஊர்ச் சனத்திடம் வாக்குக்கு விடுவோம். நல்ல யோசனை. யாரைக் கேட்டாலும் நல்ல யோசனை என்றுதான் சொல்வார்கள், சமையலறையில் கேட்காதவரைக்கும்.

"கூட்டம் குறைஞ்சால் கோப்பை குறையும்," என்றாள் மச்சாள். "கோப்பை குறைஞ்சால் நாங்கள் பின்னேரத்தில என்னத்தைக் கழுவுறது? எங்கட முகத்தையே?"

எனக்கு அதைவிடப் பெரிய தலையிடி ஒன்று இருந்தது. அம்மா யாழ்ப்பாணத்தில் தனியாக இருந்தார். குண்டு போட வந்தால் பக்கத்து வீட்டுப் பங்கருக்குள், பதுங்கு குழிக்குள், போவார்; அதற்குள்ளும் வெற்றிலைத் தட்டத்தைக் கொண்டுபோய் மற்றவர்களின் இடத்தைப் பிடிக்கிறார் என்று அந்த வீட்டுக்காரர் எனக்கு முறைப்பாட்டுக் கடிதம் எழுதியிருந்தார். அம்மாவை இங்கே கூப்பிடுகிற அலுவல் குரோய்டனில், குடிவரவுக் கந்தோரில் கிடந்தது. எனக்கு நிரந்தர வேலை இருக்கிறது என்று நகரசபையிடமிருந்து ஒரு கடிதம் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். நிரந்தரம் என்று எனக்கு இருந்தது அந்தப் பின்னேர ஷிப்ட் ஒன்றுதான். அது போனால் கடிதம் இல்லை. கடிதம் இல்லையென்றால் அம்மா பங்கருக்குள்தான்.

யோசனையை வாக்குக்கு விடலாமா என்று முடிவெடுக்கும் கூட்டம், கோடைக்கு முந்தின அந்தக் கடைசிக் கூட்டம். வடைக் கூட்டம். அன்றைக்கு முடிவாகாவிட்டால் விஷயம் அத்தோடு சரி என்று பேச்சு. சிவப்புப் புள்ளி ஆறாம் இலக்கத்துக்குக் கீழே இருந்தது. ஆறாம் இலக்கம்தான் இந்த யோசனை.

உறுப்பினர்களில் பாதிப் பேருக்கு மேல் இதில் மனமில்லை. ஆனால் பார்வையாளர் இருக்கைகள் நிரம்பியிருந்தன. பத்திரிகைக்காரர் ஒருவர் குறிப்புப் புத்தகத்தோடு முன் வரிசையில். அவர்கள் முன்னால் 'வேண்டாம்' என்று கை தூக்க வெட்கம். அதற்கு ஒரு சுகமான வழி இருந்தது. ஆறாம் இலக்கம் வருவதற்கு முன் எழும்பிப் போய்விட்டால் கோரம் உடையும், யாரும் யாரையும் குறைசொல்ல முடியாது. ஒரே ஒரு இடைஞ்சல்தான். வடை சாப்பிடாமல் எழும்ப ஒருவருக்கும் மனம் வரவில்லை.

அக்கா அன்றைக்கு நாரியோடு வீட்டில் படுத்திருந்தார். சமையலறையில் நானும் மச்சாளும்தான்.

நாலாம் இலக்கம் ஓடிக்கொண்டிருந்தபோது மீசைக்காரர் வந்தார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை எனக்கு விளங்கியபடி எழுதுகிறேன். உள்ளே எல்லோருக்கும் தொண்டை வறண்டுவிட்டது, வடையும் தேநீரும் இப்போதே வந்தால் புண்ணியம் என்றார். பிறகு குனிந்து, மெதுவாக, இந்த ஆறாம் இலக்கம் நிறைவேறினால் பின்னேரங்களில் உங்களை யார் தேடப் போகிறார்கள் என்று கேட்டார். மிரட்டல் இல்லை. உண்மையிலேயே கவலைப்பட்டுத்தான் கேட்டார்.

"ஃபைவ் மினிட், சேர்," என்றேன். எங்களுடைய ஐந்து நிமிடம் எவ்வளவு நீளும் என்று அவருக்குத் தெரியாது.

அவர் போனதும் மச்சாள் ட்ரொலியைப் பிடித்தாள்.

"தள்ளும்."

"புள்ளி ஆறில கிடக்கு, மச்சாள்."

"உமக்கென்ன விசரே? கடவுளாப் பாத்து அனுப்பின ஆள் மாதிரி மனுசன் வந்து கேக்குது. குடுத்தால் எங்கட வேலை தப்பும். உம்மட அம்மா வருவா. குடுக்காட்டில் என்ன கிடைக்கும்? மெடலே?"

"முந்தி ஒருக்காக் குடுத்து என்ன நடந்தது? அந்தப் பெட்டை பிள்ளையின்ர சப்பாத்தைக் கையில வைச்சுக்கொண்டு இருந்ததை நீர் பாக்கேல்லை."

"அவளுக்குப் பேந்து வீடு குடுத்திட்டாங்கள். உம்மட அம்மாவுக்கு ஆர் குடுக்கிறது?"

அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பிழை இல்லை, பிள்ளைகளே. நெருக்கடி என்றால் அதுதான். எதிரே நிற்கிற ஆள் சொல்வது சரியாகவும் இருக்கும், நீங்கள் அதைச் செய்யவும் முடியாது.

சுவரில் இருந்த போனை எடுத்து அக்காவுக்கு அடித்தேன்.

"அக்கா, தலைபோற அவசரம். இப்பவே குடு எண்டு கேக்கினம்..."

"புள்ளி எங்க இருக்கு?"

"ஆறுக்குக் கீழ."

"இப்ப எத்தனை ஓடுது?"

"நாலு முடியுது."

"அப்புறம் என்னத்துக்கு லா எனக்குப் போன் பண்றே?" வைத்துவிட்டார்.

ஐந்தாம் இலக்கம் தொடங்கியது. மீசைக்காரர் திரும்பி வந்தார், இந்தமுறை கையில் தலைவரின் சீட்டோடு. ஒரே வரி. இப்போதே கொடு என்பதை வாசிக்க ஆங்கிலம் தேவைப்படவில்லை.

சுட்டு முடித்த வடை எல்லாம் ஒரு பெரிய தட்டில், எண்ணெய் வடிந்து, பொன்நிறமாக இருந்தது. தட்டு மேசையில். மேசைக்கு முன்னால் மச்சாள்.

"நோ குக், சேர்," என்றேன்.

"இன்னுமா?"

"இன்சைட் நோ குக். யூ ஈற், ஸ்டொமக். ஸ்டொமக், ஹொஸ்பிற்றல்."

மீசைக்காரர் மூக்கை உறிஞ்சினார். அந்த மணத்துக்கு யாரும் நோ குக் என்று சொல்ல முடியாது. மச்சாளின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். இடப்பக்கம் சரிந்தார், மச்சாளும் இடப்பக்கம் சரிந்தாள். வலப்பக்கம் சரிந்தார், அவளும். என்னை முறைத்தபடியேதான் சரிந்தாள், ஆனால் சரிந்தாள். அவள் ஒரு அடி விலகியிருந்தால் நான் இன்றைக்கு இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

நான் சட்டியில் இன்னும் நாலு வடையைப் போட்டேன். சத்தம் சடசடவென்று எழும்பியது. புகை கண்ணைக் கரிக்கும் என்று சுவரில் இருந்த சின்னக் கதவையும் நன்றாகத் திறந்துவிட்டேன். அது கூட்ட அறைப் பக்கம் திறந்தது. கட்டடம் கட்டியவர்கள் அப்படிக் கட்டியிருந்தார்கள், அதற்கு நான் பொறுப்பில்லை.

உள்ளே இருபத்துமூன்று மூக்குகள் ஒரே நேரத்தில் திரும்பின. போகலாம் என்று எழும்பி நின்ற இருவர் திரும்ப உட்கார்ந்தார்கள். மீசைக்காரர் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே போனார்.

ஆறாம் இலக்கம்.

கதவால் பார்த்துக்கொண்டு நின்றேன். எதிர்க்கிறவர்கள் என்று தலைவர் கேட்டார். பத்திரிகைக்காரர் பேனையைத் தூக்கினார். ஒரு கை இல்லை. ஆதரிக்கிறவர்கள் என்றார். முதலில் சில கைகள், பிறகு பக்கத்துக் கையைப் பார்த்து எழுந்த கைகள். கடைசியாக மீசைக்காரரின் கை, வகுப்பில் ஒன்றுக்குப் போக அனுமதி கேட்கிற பிள்ளையின் கைபோல, பாதி உயரத்துக்கு.

ட்ரொலி மணியை அடித்தேன்.

அவர் மூன்று வடை எடுத்தார். என்னைப் பார்த்து, "நவ் குக்?" என்று கேட்டார்.

"யெஸ் சேர். நவ் குக்."

இலையுதிர் காலத்தில் வாக்கெடுப்பு நடந்தது. கொமன்வெல்த் நாட்டவர் என்பதால் இலங்கைக் கடவுச்சீட்டோடேயே இங்கே வாக்குப் போடலாம் என்பது அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். தேவாலய மண்டபம், கயிற்றில் கட்டிய பென்சில், கடதாசியில் இரண்டு பெட்டி. வேண்டும், வேண்டாம்.

வெளியே வந்ததும் மச்சாள் கேட்டாள். "எதுக்குப் போட்டனீர்?"

"அது ரகசியம்."

"எனக்குத் தெரியும். வடையைப் பிடிச்சு வைச்ச ஆள், வேணும் எண்டுதானே போட்டிருப்பீர்."

நான் சொல்லவில்லை. இப்போது உங்களுக்குச் சொல்கிறேன், அவள் இதை வாசித்து என்னை ஏசட்டும். 'வேண்டாம்' என்றுதான் போட்டேன். பென்சில் முனை ஒடிகிற அளவுக்கு அழுத்திப் போட்டேன், என் அம்மாவுக்காக. கேள்வி ஊரிடம் போகும்வரை புள்ளியைக் காப்பது என் வேலை. பதில் என் சொந்த அலுவல். இந்த இரண்டையும் ஒன்றோடொன்று குழப்பாமல் இருப்பதுதான் நான் அந்தச் சமையலறையில் படித்த படிப்பு. வேறு எந்தப் படிப்பும் எனக்கு இல்லை என்பதால் இதைச் சற்றுப் பெருமையோடு சொல்கிறேன்.

ஊர் என்னைக் கேட்கவில்லை. 'வேண்டும்' வென்றது.

அடுத்த வசந்தத்தில் பின்னேர ஷிப்ட் நிறுத்தப்பட்டது. அக்காவுக்குப் பகலிலும் வேலை இருந்தபடியால் அவர் தப்பினார். எங்கள் இருவரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். குரோய்டனில் இருந்து இரண்டாவது ஞாபகமூட்டும் கடிதமும் வந்துவிட்டது. மச்சாள் என்னை ஒரு சொல் ஏசவில்லை. அவள் ஏசாமல் இருந்ததைப்போல ஒரு ஏச்சை நான் வாழ்நாளில் வாங்கியதில்லை.

நகரசபையில் புது முறை தொடங்கியது. கையெழுத்துப் புத்தகம் இல்லை. இரண்டு மணிக்குக் கூட்டம். சமையலறையை எல்லாம் எதற்குத் திறப்பது என்று வாசலுக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டு, பெரிய பிளாஸ்கில் தேத்தண்ணீரும், பொதி செய்த பிஸ்கட்டும் தொடக்கத்திலேயே வைத்துவிட்டார்கள். யாருக்கு எப்போது வேண்டுமோ எடுக்கலாம்.

உங்களுக்கு இப்போது விளங்கியிருக்கும். முன்பு வந்து கையெழுத்தாவது வைத்தவர்கள் இப்போது வந்து தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார்கள். வராவிட்டாலும் கொடுப்பனவு வரும். மூன்றரை மணிக்குப் பார்த்தால் கதிரைகள்தான் கூட்டம் நடத்தின. முதல் கூட்டம் கோரம் இல்லாமல் உடைந்தது. இரண்டாவதும் உடைந்தது. ஊர் கேட்டு வாங்கிய முறை ஊர் முன்னால் சிரிப்பாகிக்கொண்டிருந்தது. பார்வையாளர் இருக்கைகளில் எத்தனை பேர் சப்பாத்தைக் கழற்றி மாட்டினார்களோ எனக்குத் தெரியாது.

ஒருநாள் காலையில் வீட்டில் போன் அடித்தது.

"ஐயா உன்கிட்ட பேசணுமாம்," என்றார் அக்கா. குரலில் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

கூட்டச் செயலாளர். ஐந்து வருடத்தில் 'குட் ஈவ்னிங்' தவிர என்னோடு ஒரு சொல் பேசாத மனிதர். தொண்டையைச் செருமினார். கோடைக்கு முன்னால் நீங்கள் செய்வீர்களே, அந்த உருண்டையான பலகாரம், அதை ஒவ்வொரு கூட்டத்துக்கும் செய்ய முடியுமா என்று கேட்டார். புள்ளியை எங்கே வைப்பது என்று நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

அன்றைக்குச் சுவருக்குப் பின்னால் நடந்ததெல்லாம் இந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது! தலைவரின் சீட்டுக்கும் எனது நோ குக்குக்கும் நடுவில், ஒரு கேள்வியும் கேட்காமல் இருந்தாரே என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

என்னிடம் இருந்த ஆங்கிலம் முழுவதையும் ஒன்றுசேர்த்தேன்.

"வடை, ஓகே சேர். மை சிஸ்ரர்-இன்-லோ, ஆல்சோ கமிங். அன்ட் லெற்றர்?"

"என்ன லெற்றர்?"

"பெர்மனன்ற் லெற்றர். ஃபோர் குரோய்டன்."

அந்த மனிதர் சிரிப்பதை முதல் தடவையாகக் கேட்டேன். கதவு ஒன்று கிறீச்சிட்டதுபோல இருந்தது. பழக்கம் இல்லை, பாவம்.

பகல் ஷிப்ட், நிரந்தரம், எனக்கும் மச்சாளுக்கும். கடிதம் வந்த அன்று அக்கா வாசித்துக் காட்டினார். இந்தச் சபையின் கூட்டங்கள் முறையாக நடந்து முடிவதற்கு இவருடைய சேவை இன்றியமையாதது என்று எழுதியிருந்ததாம்.

"இன்றியமையாதது எண்டால் என்னக்கா?"

"நீ இல்லாட்டி அவன் செத்தான்னு அர்த்தம்."

மச்சாள் அந்தக் கடிதத்தை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். "என்ர பேர் இதில இல்லை," என்றாள்.

"உம்மட நாரியின்ர அகலத்தை அதில எழுத இடம் காணாதாம்," என்றேன். அவளுக்கும் எனக்கும் அன்றைக்குத்தான் திரும்பப் பேச்சு வார்த்தை தொடங்கியது.

குரோய்டன் தன்னுடைய ஐந்து நிமிடத்தை எடுத்துக்கொண்டது. அது எங்களுடையதைவிட நீளம். ஆனால் அம்மா வந்து சேர்ந்தார், வெற்றிலைத் தட்டத்தோடு.

வீட்டில் தனியாக இருக்கப் பயம் என்று ஒருநாள் என்னோடு நகரசபைக்கு வந்தார். சேலைக்கு மேல் என் அவரின் கோட்டு, தலையில் கம்பளித் தொப்பி. பார்வையாளர் இருக்கையில் முதல் வரிசையில் இருத்தி, வீட்டில் இருந்து பிளாஸ்கில் கொண்டுபோன தேத்தண்ணீரில் ஒரு கோப்பை ஊற்றிக் கையில் கொடுத்தேன். கூட்டம் நடந்தது. இருபது பேருக்கு மேல் கதிரையில். வடை மணம் மெல்ல மெல்ல வந்துகொண்டிருந்தது. மீசைக்காரர் விழித்தே இருந்தார்.

நான் எட்டிப் பார்க்கப் போனபோது அம்மா என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார்.

"இவை எப்ப வந்தவை?"

"ரண்டு மணிக்கு."

"இப்ப நாலாகுது. வந்த ஆக்களுக்கு ஒரு வாய் தேத்தண்ணி குடுக்கேல்லை. உன்னை நான் இப்பிடியே வளத்தனான்?"

"குடுத்தால் எழும்பிப் போயிடுவினம், அம்மா."

அம்மா அவர்களைப் பார்த்தார். பிறகு தன் கையில் இருந்த கோப்பையைப் பார்த்தார். பாதிக்கு மேல் இருந்தது. அதை மடியில் இறக்கி, ஆறிவிடாமல் உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

"அப்ப நான் இதை ஆறுதலா, மெல்லமாக் குடிக்கிறன்," என்றார்.